கொஞ்சம்தானே!

தில்லிக் கல்யாணங்களில் சாப்பிடாமல் நிற்கும் ஆளை ஐந்து நிமிடத்துக்கு மேல் தனியாக விடமாட்டார்கள். சென்ற குளிர்காலத்தில் என் கணவரின் உறவில் ஒரு கல்யாணம். மேற்கு தில்லியில் பெரிய புல்வெளி. அதைச் சுற்றி இருபதுக்கு மேற்பட்ட உணவுக் கவுன்டர்கள். கோல்கப்பாவில் ஆரம்பித்து ஜிலேபியில் முடியும் அந்த வட்டத்துக்கு நடுவே, என் மகள் ஒரு கிளாஸ் எலுமிச்சை சோடாவுடன் நின்றுகொண்டிருந்தாள். கல்லூரியில் படிக்கும் பெண். வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வந்தவள்.

முதலில் ஓர் அத்தை வந்து விசாரித்தார். பிறகு ஒரு சித்தி. மூன்றாவதாக வந்த பெரியம்மா விசாரிக்கவே இல்லை. சூடான குலாப் ஜாமூனை ஸ்பூனில் எடுத்து நேராக அவள் வாயருகே கொண்டுபோய்விட்டார். "தோடா சா, பேட்டா. தோடா சா." கொஞ்சம்தானே கண்ணு, கொஞ்சம்தானே.

இந்தக் 'கொஞ்சம்தானே'யுடன் எங்கள் குடும்பம் பத்து வருடங்களுக்கு மேலாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. என் மகளுக்கு சீலியாக் நோய்.

2012ல், அவளுக்கு ஆறு வயதாகும்போது கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் இரண்டு வருடம் அலைந்தோம். வயிறு மட்டும் பானை போல உப்பியிருக்கும். கையும் காலும் குச்சி குச்சியாக இருக்கும். வகுப்பிலேயே குள்ளம் அவள்தான். இரும்புச் சத்து டானிக்கை பாட்டில் பாட்டிலாகக் குடித்தும் ரத்தசோகை போகவில்லை. ஒருவர் பூச்சி மருந்து கொடுத்தார். ஒருவர் பாலை நிறுத்தச் சொன்னார். "சோறு சோறு என்று கொடுத்தால் எப்படித் தெம்பு வரும்? சப்பாத்தி கொடுங்கள்" என்றார் இன்னொருவர். கொடுத்தோம். நெய் தடவி, சர்க்கரை தூவி, கெஞ்சிக் கூத்தாடிக் கொடுத்தோம்.

கடைசியில் ஒரு குழந்தை மருத்துவர் ரத்தப் பரிசோதனை ஒன்று எழுதித் தந்தார். டிஷ்யூ டிரான்ஸ்குளூட்டாமினேஸ் என்ற நீளமான பெயர் கொண்ட பொருளுக்கு எதிராக உடலில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. அளவு எக்கச்சக்கமாக இருந்தது. பிறகு என்டோஸ்கோப்பி செய்து, சிறுகுடலிலிருந்து துளி சதையை எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள்.

விஷயம் இதுதான். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. பிசைந்த மாவு ரப்பர் போல இழுபடுவதும், பரோட்டா மாஸ்டர் வீசும் மாவு கிழியாமல் விரிவதும் அதன் உபயம்தான். சீலியாக் உள்ளவர்களுக்குக் குளூட்டன் உள்ளே போனால், அவர்களுடைய நோய் எதிர்ப்புச் சக்தியே அவர்களது சிறுகுடலைத் தாக்க ஆரம்பிக்கும். உணவின் சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்கிப்போகும். அப்புறம் எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. இதற்கு மாத்திரை கிடையாது. குளூட்டனை ஆயுள் முழுக்க விட்டுவிடுவதுதான் ஒரே சிகிச்சை. விட்டுவிட்டால் குடல் மெல்ல மெல்லத் தானே தேறிக்கொள்ளும். என் மகள் அடுத்த இரண்டு வருடங்களில் வளர்ந்த வேகத்துக்கு, பள்ளிச் சீருடை தைத்து மாளவில்லை.

எவ்வளவு கொஞ்சம் ஆபத்தில்லாத கொஞ்சம்? ஒரு துண்டு பிரெட்டில் சுமார் 2 கிராம், அதாவது 2,000 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். தினம் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் உள்ளே போனாலே குடலுறிஞ்சிகள் பாதிக்கப்படுவதை ஆராய்ச்சியில் பார்த்திருக்கிறார்கள். பிரெட் துண்டை நாற்பதாகக் கிள்ளினால் அதில் ஒரு கிள்ளு. 'குளூட்டன் இல்லாதது' என்று ஒரு பாக்கெட்டில் அச்சிட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம்.

இந்தக் கணக்கோடு ஒரு கல்யாணப் பந்தலைச் சுற்றி வந்து பாருங்கள். நான் புரட்டும் இடுக்கியாலேயே கபாப்பையும் எடுப்பார்கள். சமோசா பொரித்த எண்ணெயில்தான் உருளைக்கிழங்கு டிக்கி பொரியும். கெட்டியான கிரேவிக்கு அடியில் ஒரு கை மைதா இருக்கலாம். வெறும் ஜீரகச் சோற்றில்கூட, யாரோ ஒருவர் பக்கத்து நூடுல்ஸ் கரண்டியைப் போட்டுவிட்டுப் போயிருப்பார். சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை உண்டு. மால்ட் கலந்த பானங்களில் பார்லி உண்டு.

உறவுக்காரர்களுக்கு இதையெல்லாம் விளக்குவது எளிதில்லை. சாப்பிட்டவுடன் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்தால் நம்புவார்கள். சீலியாக் அப்படி இல்லை. சில சமயம் சில மணி நேரத்தில் வாந்தி எடுக்கும். சில சமயம் வெளியே ஒன்றுமே தெரியாது. உள்ளே மட்டும் சேதம் நடக்கும். "பார், சாப்பிட்டாள், ஒன்றும் ஆகவில்லையே" என்று அவர்கள் சொல்லும்போது பதில் சொல்லக் கையில் சாட்சி இருக்காது.

ஒரு முறை நானே தோற்றுப்போனேன். அவளுக்கு ஒன்பது வயது. நாத்தனார் வீட்டில் நிச்சயதார்த்தம். காலையிலிருந்து பதினைந்து பேருக்காவது விளக்கம் சொல்லியிருப்பேன். எல்லாக் குழந்தைகளும் கேக் தின்கிறார்கள், இவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "குழந்தையை இப்படி வதைக்காதே" என்று யாரோ சொன்னார்கள். அவள் என்னைப் பார்த்தாள். "சரி, கொஞ்சம்" என்றேன். நாலு மணி நேரம் கழித்து வாந்தி ஆரம்பித்தது. விடியும்வரை நிற்கவில்லை. காலையில் வெளுத்த முகத்தோடு படுத்திருந்தவள், கோபமே இல்லாமல், புரியாதவள் போலக் கேட்டாள்: "நீதானே அம்மா சரின்னு சொன்னே?"

அதற்குப் பிறகு நான் யாருக்காகவும் சரி என்று சொன்னதில்லை.

வட இந்தியாவில் கோதுமையை வேண்டாம் என்பது ஏதோ ஒரு பண்டத்தை வேண்டாம் என்பது போல அல்ல. என் மாமியார் லூதியானாக்காரர். பஞ்சாபி வழக்கப்படி எல்லோரும் அவரை பீஜி என்று கூப்பிடுகிறோம். ஏப்ரலில் அறுவடை முடிந்ததும் ஒரு வருடத்துக்கான கோதுமையை வாங்கி, வெயிலில் காயவைத்து, இரும்புத் தொட்டியில் கொட்டி மூடும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். "ரொட்டி சாப்பிட்டாயா?" என்பதுதான் அங்கே "சாப்பிட்டாயா?" என்பதற்கே சொல். பேத்திக்கு ரொட்டி விஷம் என்று சொன்னபோது அவர் முதலில் டாக்டரைச் சந்தேகப்பட்டார். பிறகு அரிசி தின்று வளர்ந்த என்னைச் சந்தேகப்பட்டார். நியாயம்தான். ஆனால் என் பக்கத்து வம்சத்தில் அதுவரை யாருக்கும் இல்லை. சோதனை செய்து பார்த்ததில், எப்போதும் ரத்தசோகையோடு இருந்த என் கணவரின் தங்கைக்கும் இந்த நோய் இருப்பது தெரிந்தது. சீலியாக் குடும்பத்தில் ஓடும் நோய். ஒருவருக்கு இருந்தால் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லோரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. அந்தப் பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தக் கூடாது. முன்கூட்டியே நிறுத்திவிட்டால் இருக்கும் நோயும் சோதனையில் தெரியாமல் போகும்.

எல்லாவற்றையும்விடச் சங்கடமான இடம் குருத்வாரா. அங்கே தரும் கடா பிரசாதம் கோதுமை மாவு, நெய், சர்க்கரை மூன்றும் சம அளவில் சேர்த்துக் கிளறியது. இரண்டு கையையும் ஏந்தி வாங்க வேண்டும். மறுப்பது மரியாதையில்லை. எட்டு வயதில் என் மகள் கையை நீட்டாமல் நின்றபோது, பீஜிக்குக் கண் கலங்கிவிட்டது. பிரசாதம் கொடுத்துக்கொண்டிருந்த முதியவர் விவரம் கேட்டுக்கொண்டார். "வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பாட்டியிடம் கொடுத்துவிடு, குழந்தாய். அப்போதும் அது பிரசாதம்தான்" என்றார். இன்றுவரை அப்படித்தான் செய்கிறாள். பிறகு கையை நன்றாகக் கழுவிவிடுவாள்.

ரொட்டிதான் நோய்க்குக் காரணம் என்று கண்டுபிடித்த கதையிலும் ஒரு சோகம் இருக்கிறது. வில்லெம் கரெல் டிக்கே என்ற டச்சு குழந்தை மருத்துவருக்கு 1930களிலேயே கோதுமைமீது சந்தேகம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45ல், நெதர்லாந்தில் கடும் பஞ்சம். ரொட்டி கிடைக்கவில்லை. நாடே பட்டினியில் வாட, சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பி வந்தது. 1950ல் தன் ஆய்வேட்டில் இதை அவர் விளக்கி எழுதினார்.

நம் நாட்டில் இது வெள்ளைக்காரர்களின் நோய் என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2011ல் தில்லி வட்டாரத்தில் வீடு வீடாக நடந்த ஆய்வு ஒன்று, ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு இது இருப்பதாகச் சொன்னது. 2016ல் வெளியான இன்னொரு ஆய்வில் நாட்டின் மூன்று பகுதிகளில் 23,000க்கும் அதிகமானவர்களைச் சோதித்தார்கள். ரத்தத்தில் இந்த நோய்க்கான எதிர்ப்பொருள் இருந்தவர்கள் வடக்கில் நூறு பேரில் ஒருவருக்குச் சற்று மேல். தெற்கில் ஆயிரத்தில் ஒருவர். தென்னிந்தியர்கள் தப்பித்தார்கள் என்று சந்தோஷப்பட வேண்டாம். இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணுக்கள் இரு பகுதி மக்களிடமும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருக்கின்றன. தெற்கில் கோதுமை சாப்பிடுவது குறைவு, அவ்வளவுதான். சர்க்கரை வியாதிக்குப் பயந்து ராத்திரி சப்பாத்தி, தெருமுனையில் பரோட்டா என்று அந்த வித்தியாசமும் குறைந்துகொண்டே வருகிறது.

நிலைமை முழுக்கக் கொடுமையானது என்று சொல்லிவிட முடியாது. வருடத்தில் இரண்டு முறை வட இந்தியா எங்கள் வழிக்கு வருகிறது. வசந்தத்திலும் சரத் காலத்திலும் வரும் நவராத்திரி விரத நாட்களில் கோதுமை கூடாது. வீடுகளில் குட்டு மாவும் சிங்காடா மாவும் வந்துவிடும். குட்டு என்பது பக்வீட். ஆங்கிலப் பெயரின் வாலில் வீட் இருந்தாலும் அது கோதுமை இனமில்லை. சிங்காடா நீரில் விளையும் ஒரு காய். சாமக் அரிசி என்று அவர்கள் சமைப்பது நம் குதிரைவாலி. அந்த ஒன்பது நாளும் என் மகளிடம் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. "சாமிக்காக வேண்டாம்" என்றால் ஊரே ஒதுங்கி வழிவிடுகிறது. "குடலுக்காக வேண்டாம்" என்றால் ஸ்பூனை நீட்டுகிறது. அந்த மாவையும் கோதுமை அரைத்த சக்கியிலேயே அரைத்திருந்தால் உதவாது என்பது வேறு விஷயம்.

அந்தச் சக்கியிடமும் ஒரு பாடம் கற்றோம். கோதுமையை நிறுத்தி ஒன்றரை வருடம் ஆகியும் மகளின் எதிர்ப்பொருள் அளவு முழுதாக இறங்கவில்லை. உணவு ஆலோசகர், சமையலறையில் உள்ள எல்லா டப்பாக்களையும் பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். கடலை மாவைக் கோதுமை அரைத்த மில்லிலேயே அரைத்து வாங்கியிருந்தேன். அது ஒன்று. இன்னொன்றை அவர் எடுத்து மேஜைமேல் வைத்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெருங்காய டப்பா. பின்பக்கம் சிறிய எழுத்தில் இருந்தது: பிசின், கோதுமை மாவு, பெருங்காயம். நாம் கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது; தேடி வாங்க வேண்டும். வாயு பிடிக்காமல் இருக்கட்டும் என்று தினமும் அவள் பருப்பில் நானே கோதுமையைத் தூவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எனவே 2018ல் சென்னையில் என் அண்ணன் மகன் கல்யாணத்துக்குப் போனபோது பழைய நம்பிக்கை எனக்கில்லை. சோறும் இட்லியும் உள்ள பிறந்த வீட்டில் என் மகளுக்கு விடுதலை என்று ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. ஆனால் கேசரி ரவை, பாயசம் சேமியா, போளி மைதா. சாம்பார், ரசம், வத்தக்குழம்பு எல்லாவற்றிலும் பெருங்காயம். அப்பளத்திலும் அதுவே. முதல் நாள் சாயங்காலமே மண்டபத்துச் சமையல்கட்டுக்குப் போய்த் தலைமைச் சமையல்காரரைப் பார்த்தேன். அறுபது வயதிருக்கும். தேங்காய் மூட்டையை எண்ணிக்கொண்டிருந்தார்.

"கோதுமைன்னா மொத்தமா ஆகாதாம்மா?"

"ஆகாது."

"மைதா, ரவை?"

"அதுவும் கோதுமைதானே."

கொஞ்சம் யோசித்தார். "அப்போ கட்டிப் பெருங்காயமும் போடக்கூடாதே. அதுல மைதா சேர்ப்பாங்களே."

அத்தனை வருடங்களில் நான் சொல்லாமலே பெருங்காயத்தைப் பற்றிப் பேசிய முதல் மனிதர் அவர். ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. கொஞ்சமாவது சாப்பிடட்டும் என்றும் சொல்லவில்லை. மறுநாள் பருப்பு, கூட்டு, அவியல், எலுமிச்சை ரசம் எல்லாவற்றையும் பெருங்காயம் இல்லாமல் சின்னப் பாத்திரங்களில் தனியாகச் செய்து, மூடி, ஒரு மூலையில் வைத்திருந்தார். அதற்கென்று தனிக் கரண்டி. மாறிப்போகாமல் இருக்க அதன் காம்பில் வாழைநார் ஒன்றைக் கட்டியிருந்தார். ஜாங்கிரி உளுந்துதான், ஆனால் பக்கத்தில் மைதா பிசைந்தார்கள், வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். பொதுப் பந்தியில், எல்லோரோடும் வரிசையில் உட்கார்ந்து, இலை போட்டு என் மகள் சாப்பிட்ட முதல் கல்யாணச் சாப்பாடு அது.

விருந்துக்கு அழைப்பவர்களிடம் நாங்கள் எதிர்பார்ப்பது இந்த வாழைநார் அளவுதான். தனியாக ஒரு விருந்தே சமைக்க வேண்டியதில்லை. எதில் என்ன போட்டீர்கள் என்று உள்ளபடி சொன்னால் போதும். தெரியாவிட்டால் "தெரியாது" என்று சொல்லுங்கள். அதைவிட உபகாரமான பதில் வேறில்லை. உபசரிக்கும் ஆர்வத்தில் "ஒன்றும் இல்லை, தைரியமாகச் சாப்பிடு" என்று சொல்வதுதான் எங்களைப் படுக்கையில் தள்ளுகிறது.

விருந்தாளிக்கும் கடமை உண்டு. கடைசி நிமிடத்தில் அடுப்பங்கரையில் போய் நிற்காமல் இரண்டு நாள் முன்பே சொல்லிவிட வேண்டும். "இதில் குளூட்டன் இருக்கிறதா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். "இதை எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டால் மைதா தானாக வெளியே வரும். பந்தியில் கரண்டிகள் கலப்பதற்கு முன் முதல் ஆளாகப் போய் எடுத்துக்கொள்வது நல்லது. சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். இப்போது மெலிவதற்காகக் கோதுமையை விடுவது நாகரிகமாகிவிட்டது. அதனால் கடைகளில் மாவு வகைகள் கூடியிருக்கின்றன. ஆனால் ஓட்டல் சர்வர் எங்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துச் சிரித்துக்கொள்கிறார். ஆகவே "டயட்" என்ற வார்த்தையையே நாங்கள் பயன்படுத்துவதில்லை. "நோய்" என்று சொல்கிறோம்.

மேற்கு தில்லிப் புல்வெளிக்கு வருகிறேன். ஜாமூன் ஸ்பூன் வாயருகே வந்ததும் நான் நாலடி முன்னே போனேன். என் மகளுக்கு நான் தேவைப்படவில்லை. பெரியம்மாவின் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்து ஸ்பூனைக் கிண்ணத்தில் இறக்கினாள். "இது எனக்கு ஆகாது பெரியம்மா, கொஞ்சமும் ஆகாது. வாங்க, நாம ஒரு போட்டோ எடுத்துக்கலாம்" என்று இந்தியில் சொல்லி அவர் தோளில் கைபோட்டாள். பெரியம்மா முகம் சுருங்கியது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த பீஜி அங்கிருந்தே குரல் கொடுத்தார். "விடு அவளை. நானும் முதலில் உன்னை மாதிரித்தான் இருந்தேன்."

இன்று லூதியானா வீட்டில் பேத்திக்கென்று ஒரு தோசைக்கல் தனியாக, துணியில் சுற்றி, பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. சோளத்தைக் கழுவி உலர்த்தி, வீட்டிலேயே அரைத்து, அந்தக் கல்லில்தான் பீஜி ரொட்டி தட்டுகிறார். வேறு யாரையும் அதைத் தொடவிடுவதில்லை.

கிளம்பும் நேரத்தில் பெரியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஹோலிக்கு எல்லோரும் அவர் வீட்டுக்கு வர வேண்டும், பெண்ணைக் கண்டிப்பாக அழைத்துவர வேண்டும் என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "அவளுக்கு என்னென்ன வாங்கி வைக்க வேண்டும், எழுதிக் கொடு" என்றார். கைப்பையில் கிடந்த கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதினேன். முதல் வரி: புதுக் கரண்டி ஒன்று.